பேஸ் ஆம்ப் பிசிறு தட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

விலை குறைந்த பேஸ் ஆம்ப், அதாவது பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்வார்கள். வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். அதற்குமேல் திருகினால் சத்தம் ஏறாது, பிசிறுதான் ஏறும். "சின்ன ஆம்ப், இவ்வளவுதான் வரும்" என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். அந்த முடிவு பல நேரம் தப்பு. ஸ்பீக்கரால் வெளியே கொண்டுவரவே முடியாத அடி அதிர்வுகளுக்காக ஆம்ப் தன் சக்தியில் பெரும்பகுதியைச் செலவழித்துக்கொண்டிருக்கும். அல்லது பிசிறு ஆம்புக்கு வருவதற்கு முன்பே, பேஸ் கிட்டாருக்குள்ளேயே பிறந்திருக்கும்.

இங்கே சின்ன ஆம்ப் என்று நான் சொல்வது 15 முதல் 100 வாட் வரை, 8, 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு ஒரே பெட்டியாக வருகிற டிரான்சிஸ்டர் வகை. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்புக்குச் சில விஷயங்கள் மாறும். முக்கியமாக, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதை ஓட்டவே கூடாது.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கிட்டாரிலிருந்து ஆம்புக்கு ஒரே ஒரு கேபிள், அதுவும் நல்லது என்று தெரிந்த கேபிள். பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள் மூன்றும் நடுவில், அதாவது கடிகாரத்தில் 12 மணி நிலையில் இருக்கட்டும். 'டீப்', 'கான்டூர்', 'பூஸ்ட்' என்று ஏதாவது பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். கிட்டாரின் வால்யூம் முழுதாக இருக்கட்டும்.

கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ்கள் உள்ள ஆம்ப் என்றால், கெயினைப் பிசிறு வந்த அதே இடத்தில் விட்டுவிட்டு மாஸ்டரை மட்டும் நன்றாகக் குறையுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கேயும் பிசிறு இருந்தால் குற்றவாளி கிட்டார், கேபிள், ஆம்பின் முன்பகுதி இந்த மூன்றில் ஒன்று. ஹெட்ஃபோனில் சுத்தமாக இருந்தால் இவை மூன்றும் தப்பித்தன. பவர் பகுதி, ஸ்பீக்கர், பெட்டி என்று தேடலாம்.

ஒரே ஒரு வால்யூம் குமிழ்தான் என்றால் வேறு வழி. கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, அதே சத்தம் வரும்வரை ஆம்பைக் கூட்டுங்கள். பிசிறு மறைந்தால், கிட்டார் தள்ளுகிற சிக்னலை ஆம்பின் நுழைவாயில் தாங்கவில்லை என்று அர்த்தம். மாற்றமே இல்லை என்றால் பவர் பகுதி அல்லது ஸ்பீக்கர்.

இதைச் செய்யாமல் நேராக ஸ்பீக்கரைக் கழற்றப் போகாதீர்கள். போனவன் சொல்கிறேன்.

"எந்தச் சுரம் அடித்தாலும் பிசிறு, மெதுவாக வைத்தாலும் பிசிறு"

இது ஆம்பின் முன்பகுதியிலோ கிட்டாரிலோ உள்ள கோளாறு. முதலில் கெயின். கெயின் என்பது சத்தத்துக்கான குமிழ் அல்ல. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை ஆம்புக்குள் எவ்வளவு பெரிதாக்கி அனுப்புவது என்பதற்கான குமிழ். மாஸ்டரைக் குறைத்து வைத்துக்கொண்டு, பாட்டில் நீங்கள் எவ்வளவு ஓங்கி அடிப்பீர்களோ அவ்வளவு ஓங்கி அடியுங்கள். கெயினை மெல்ல ஏற்றுங்கள். பிசிறு தலைகாட்டும் இடத்தில், அல்லது சிக்னல் அளவு மீறியதைக் காட்டும் கிளிப் விளக்கு கண் சிமிட்டும் இடத்தில் நின்று, கொஞ்சம் பின்னால் வாருங்கள். அதோடு கெயினை மறந்துவிடலாம். இனி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மாஸ்டரில்தான். வீட்டில் தனியாக மெதுவாக மீட்டி கெயினை வைத்துவிட்டு, மேடையில் இரண்டு மடங்கு ஓங்கி அடித்தால் பிசிறத்தான் செய்யும்.

அடுத்து பேட்டரி. ஆக்டிவ் வகை கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று ஒளிந்திருக்கும். அது தீரும்போது சட்டென்று நின்றுவிடாது. மெதுவாக மீட்டினால் ஒன்றும் தெரியாது. ஓங்கி அடித்தால் மட்டும் சுரத்தின் தொடக்கத்தில் 'ப்ஸ்ட்' என்று ஒரு கிழிசல் கேட்கும். கிழிந்த ஸ்பீக்கரின் சத்தமும் கிட்டத்தட்ட இதேதான். ஒருமுறை ஸ்பீக்கர் போய்விட்டது என்றே நம்பி, ஆம்பின் பின்பலகையைக் கழற்றி, திருகுகளை எல்லாம் தரையில் வரிசையாக அடுக்கி வைத்த பிறகுதான் எனக்குப் பேட்டரி ஞாபகம் வந்தது. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதிய அல்கலைன் பேட்டரி 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். 8-க்குக் கீழே போய்விட்டால் மாற்றிவிடுவது நல்லது. இன்னொன்று: ஆக்டிவ் கிட்டாரில் கேபிளைச் செருகியதும் பேட்டரி இணைந்துவிடும். வாசித்து முடித்துக் கேபிளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், பேட்டரி விடிய விடிய வேலை செய்துகொண்டிருக்கும்.

சில ஆம்புகளில் 'ஆக்டிவ்', 'பாஸிவ்' என்று இரண்டு ஜாக்குகளோ ஒரு பட்டனோ இருக்கும். ஆக்டிவ் பக்கம் உள்ளே வரும் சிக்னலைக் குறைத்து வாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பேட்டரி இல்லாத பாஸிவ் கிட்டாரிலும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தப் பாகம்) பலமானது என்றால் அந்தப் பக்கம் செருகலாம், எதுவும் கெட்டுப்போகாது.

பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்தாலும் தொல்லை. சிக்னல் அளவுக்கு மேல் பெரிதாவது ஒரு பக்கம்; பிக்கப்பின் காந்தம் கம்பியையே இழுத்து அதன் அதிர்வைக் கோணலாக்குவது இன்னொரு பக்கம். சுருதி நிலைக்காமல் அலைவது போலக் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தடித்த கம்பிப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2 என்று வைத்துத் தொடங்கலாம். பிறகு காது சொல்வதைக் கேளுங்கள்.

"மெல்லிய கம்பிகள் சுத்தம், தடித்த ஈ (E) கம்பி மட்டும் 'பர்ர்' என்கிறது"

சின்ன ஆம்பின் நிஜமான நோய் இதுதான். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை.

நான்கு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பியின் அடிச் சுரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி என்றால் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்பீக்கர் ஒரே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே கொடுக்கவேண்டுமானால் அதன் கோன், அதாவது முன்னால் தெரியும் கூம்பு, நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். 82 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் ஆடிய கோன், அதே சத்தத்தை 41-ல் தர 4 மில்லிமீட்டர் ஆடவேண்டும். மலிவு ஆம்பில் உள்ள 8 அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு இடம் இருக்காது. கோனோடு ஒட்டிய கம்பிச்சுருள் ('காயில்') காந்த இடுக்கைவிட்டு வெளியே போய்த் திரும்பும். அந்தத் தடுமாற்றம்தான் 'பர்ர்'. பெட்டியில் துளை உள்ள ஆம்ப் என்றால் இன்னும் மோசம். அந்தத் துளை எந்த ஹெர்ட்ஸுக்காக அமைக்கப்பட்டதோ, அதற்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிக்காது. கோன் கடிவாளம் இல்லாத குதிரை மாதிரி ஆடும். வெளியே சத்தமும் வராது.

நாம் என்ன செய்கிறோம்? அடிச் சத்தம் போதவில்லை என்று பேஸ் குமிழைக் கூட்டுகிறோம். இங்கேதான் கணக்கு தப்புகிறது. 3 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு இரண்டு மடங்கு சக்தி வேண்டும். 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 30 வாட் ஆம்பில் 10 வாட் அளவுக்கு வாசித்துக்கொண்டிருந்தீர்கள் என்று வையுங்கள். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் ஈ கம்பிக்கு மட்டும் 40 வாட் தேவை. இல்லாத 10 வாட்டுக்கு எங்கே போவது? அலையின் தலை வெட்டுப்பட்டுப் பிசிறாக வெளியே வரும்.

அதனால் பேஸ் குமிழை நடுவிலிருந்து இடது பக்கம் திருப்புங்கள், 10 மணி வரை, தேவைப்பட்டால் 9 வரை. கைவிட்டுப்போன மாதிரி இருக்கும், முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். மிடிலை 1 அல்லது 2 மணிக்கு ஏற்றுங்கள். இப்போது மாஸ்டரைக் கூட்டுங்கள். முன்பு பிசிறிய இடத்தைத் தாண்டியும் குமிழ் சுத்தமாகப் போகும், சத்தமும் கூடவே வரும்.

"அடிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு எப்படி பேஸ் கேட்கும்?" என்று கேட்கலாம். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும்போதும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தொடக்கூட முடியாது. ஈ கம்பியில் 41 மட்டும் இல்லை. அதன் மேல் 82, 124, 165 என்று மேல்சுரங்கள் அடுக்காக ஒலிக்கின்றன. இவை காதில் விழுந்தால் போதும், விடுபட்ட அடியை மூளையே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஆம்பில் நாம் கேட்கும் ஈ கம்பி பெரும்பாலும் அந்த 82-ம் 124-ம்தான். இல்லாத 41-ஐத் துரத்தாமல், இருக்கிற மேல்சுரங்களுக்குச் சக்தியைக் கொடுத்தால் ஆம்ப் பெரிதானது போல இருக்கும்.

ஆம்பின் பேஸ் குமிழ் பொதுவாக 80, 100 ஹெர்ட்ஸ் பகுதியையும் சேர்த்தே குறைத்துவிடும். அதை விரும்பாதவர்கள் ஹை-பாஸ் ஃபில்டர் (ஒரு அளவுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை மட்டும் வெட்டுவது) உள்ள பெடல் அல்லது ப்ரீஆம்ப் ஒன்றை முன்னால் போடலாம். 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை ஏதோ ஓரிடத்தில் கீழே வெட்டினால் கோனின் வீண் ஆட்டம் நிற்கும், சத்தத்தின் உடம்பு அப்படியே இருக்கும். சின்ன ஆம்புக்குச் செலவு செய்வதென்றால் முதல் செலவு இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. கம்ப்ரஸர் இரண்டாவது.

காசே செலவில்லாத வழி வலது கையில் இருக்கிறது. கழுத்துப் பக்கம் மீட்டினால் அடிச் சுரம் கொழுத்து வரும். கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் நகர நகர அடி மெலிந்து மேல்சுரம் தெளியும். இரண்டு விரல் அகலம் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்து, கொஞ்சம் மெதுவாக மீட்டி, ஆம்பைக் கூட்டிப் பாருங்கள். ஓங்கி அடிக்கும்போது சுரத்தின் முதல் நொடித்துணுக்கு மட்டும் பின்னால் வரும் ஒலியைவிடப் பல மடங்கு உயரமாக எழும். ஆம்ப் திணறுவது அந்த உச்சியில்தான். கை இளகினால் உச்சி தாழும், சராசரிச் சத்தத்தை மேலே தூக்க இடம் கிடைக்கும். கம்ப்ரஸர் செய்வதும் இதே வேலைதான்.

"பிசிறு இல்லை, ஆனால் டிரம்ஸ் தொடங்கியதும் பேஸைக் காணவில்லை"

முதலில் ஒரு கசப்பான உண்மை. சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூடவேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 30 வாட்டை விற்றுவிட்டு 60 வாட் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். கூட்டியது தெரியும், ஆனால் "அடேங்கப்பா" என்று இருக்காது. 1969-ல் வந்த, ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி பேஸ் ஆம்பை 300 வாட்டில் செய்தது பகட்டுக்காக இல்லை. பெரிய மேடையில் அடிச் சுரத்துக்கு அவ்வளவு தேவைப்பட்டது. சாதாரண கிட்டார்காரர் 30 வாட் ஆம்பை வைத்துக்கொண்டு டிரம்ஸோடு மல்லுக்கட்டிவிடுவார். பேஸுக்கு அதே 30 வாட் பயிற்சி அறையோடு சரி.

வாட்டை விட்டுவிட்டு வேறு இடங்களில் டெசிபல் தேடுவோம். முதல் இடம் மிடில். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ் மேலே, ட்ரெபிள் மேலே, மிடில் கீழே என்று வைத்தால் அருமையாக இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிச் சுரங்களைச் சரியாகக் கேட்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். சத்தம் கூடும்போது காதுக்கு அடி தானாகவே நிறைவாகக் கேட்கத் தொடங்கும். வீட்டில் ஏற்றி வைத்த பேஸ் இப்போது வெறும் குழப்பம். அதோடு, பேஸ் டிரம் கீழே உட்கார்ந்திருக்கிறது, சிம்பல் மேலே இருக்கிறது. நீங்கள் காலி செய்துவைத்த மிடிலில்தான் உங்களுக்கு இடமே இருந்தது. 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல இருக்கும். பேண்டோடு சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு சுரமும் பெயர் சொல்லும். அதனால் தனியாக வைத்துக்கொண்டு ஈக்யூ, அதாவது பேஸ், மிடில், ட்ரெபிள் அளவுகளை, முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஆம்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்? காலடியில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் கேட்கும். உங்களுக்குக் கேட்கவில்லையே என்று நீங்கள் கூட்டிக்கொண்டே போவீர்கள். எதிரே நிற்பவருக்கு அது இரைச்சல். ஒரு நாற்காலியின் மேல் ஏற்றுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்து ஸ்பீக்கரை முகத்தை நோக்கித் திருப்புங்கள். தரையை விட்டுத் தூக்கினால் அடி கொஞ்சம் குறையும். அது வேண்டுமென்றால் சுவரை ஒட்டி வைக்கலாம். சுவரும் தரையும் சேரும் மூலை அடிச் சுரத்தைக் கணிசமாகத் தூக்கிக்கொடுக்கும், ஆம்புக்கு ஒரு வாட் கூட அதிகச் செலவில்லாமல்.

மூன்றாவது, கூடுதல் ஸ்பீக்கர் பெட்டி. 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். ஆம்ப் 4 ஓமைத் தாங்கும் என்று பின்பக்கம் எழுதியிருந்தால், அது இன்னும் அதிக வாட் தள்ளும், காற்றைத் தள்ளும் கோன் பரப்பும் இரட்டிப்பாகும். இரண்டும் சேர்ந்து வரும் வித்தியாசம் புது ஆம்ப் வாங்கினது போல இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதே 4 ஓம் என்றால், இன்னொரு 4 ஓம் சேரும்போது 2 ஓம் ஆகிவிடும். மலிவு ஆம்புகளில் பெரும்பாலானவை அதைத் தாங்காது. பின்பக்க எழுத்தைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள். இணைக்கும் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்கவேண்டும். கிட்டார் கேபிள் அதே ஜாக்கில் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே இருப்பது நூல் மாதிரிக் கம்பி. சக்தியைத் தின்றுவிட்டு அதுவும் சூடாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால், ஆம்பின் லைன் அவுட் அல்லது டிஐ அவுட் (சிக்னலை வெளியே கொடுக்கும் ஜாக்) வழியாக அரங்கின் ஒலிபெருக்கிக்கு ஒரு கேபிள் கொடுத்துவிடுங்கள். ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும், கூட்டத்துக்குப் பெரிய ஸ்பீக்கர்.

"சில சுரம் கும்மென்கிறது, சில சுரம் காணாமல் போகிறது"

ஆம்பைக் குறை சொல்லும் முன், வாசித்துக்கொண்டே அறையில் நான்கு அடி நகருங்கள். நகர்ந்ததும் கும்மென்றது அடங்கினால் அது அறையின் வேலை. 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே முழங்கும்; ஈ கம்பியின் முதல் ஃப்ரெட் சரியாக அங்கேதான் விழுகிறது. அந்த எஃப் சுரம் மட்டும் வீட்டையே தூக்கும், அடுத்தது சாதுவாக இருக்கும்.

காணாமல் போவதற்கும் கணக்கு உண்டு. ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் 1 மீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 2 மீட்டர் அதிகம் பயணம் செய்து, 86 ஹெர்ட்ஸ் பக்கம் நேர் எதிராக வந்து மோதி அதை அழிக்கும். டி கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் பள்ளம் விழும். ஆம்பைச் சுவரோடு ஒட்டினால் அந்தப் பள்ளம் மேலே ஏறி, அவ்வளவாக உறுத்தாத இடத்துக்குப் போய்விடும்.

எங்கே நின்றாலும், எந்த ஆம்பில் செருகினாலும் ஜி கம்பியின் 5, 6, 7 ஃப்ரெட்டுகளில் ஏதோ ஒன்று சட்டென்று செத்துப்போகிறதா? அது கிட்டாரின் கழுத்தில் உள்ள செத்த இடம். நல்ல கிட்டார்களிலும் உண்டு. அதே சுரத்தை வேறு கம்பியில் எடுங்கள்.

"ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் கடகடவென்கிறது"

ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. அந்தச் சுரத்தை நண்பர் ஒருவர் விடாமல் அடிக்கட்டும். நீங்கள் ஆம்பின் ஒவ்வொரு பாகத்தையும் கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். முன்பக்க வலை, கைப்பிடி, மூலைத் தகடுகள், ஸ்பீக்கர் திருகுகள், பின்பலகை, உள்ளே தொங்கும் ஒயர் என்று வரிசையாக. எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான். ஸ்பீக்கர் திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் கோணிவிடும். வலை அடித்தால் அதன் விளிம்பில் ஒரு துண்டு ஃபோம் ஒட்டினால் போதும்.

எல்லாம் அழுத்தியும் நிற்கவில்லையா? ஆம்பை வேறு அறைக்குத் தூக்கிப்போய்ப் பாருங்கள். என் விஷயத்தில் அடித்தது அலமாரிக் கதவின் கைப்பிடி.

"ம்ம்ம் என்று விடாத ஹம்"

கேபிளை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். ஹம் அப்படியே இருந்தால் அது ஆம்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஆம்ப் என்றால் பவர் பகுதியின் கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். அது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. பிடுங்கியதும் நின்றுவிட்டால் கிட்டார் அல்லது கேபிள். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால், ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கிறது என்று அர்த்தம். இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் உள்ள 'ஜாஸ் பேஸ்' வகை கிட்டாரில் இரண்டு பிக்கப்பையும் சம அளவில் திறந்து வைத்தால் ஒன்றின் ஹம்மை இன்னொன்று அடித்துவிடும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இயல்பு. தொடும்போது கூடினால் உள்ளே எர்த் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது.

மடிக்கணினியையும் ஆம்போடு சேர்த்திருக்கிறீர்களா? அதன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போனால் எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து ஒரு வளையமானது. அதற்குத் தீர்வு ஆடியோ ஐசொலேட்டர். ஆம்பின் பிளக்கில் உள்ள எர்த் முனையை ஒடிப்பதோ, டேப் சுற்றுவதோ தீர்வு அல்ல. ஹம் போகும், ஒரு நாள் உயிரும் போகலாம்.

"குமிழைத் திருகினால் கரகர; சத்தம் விட்டு விட்டு வருகிறது"

குமிழுக்கு அடியில் தூசி. ஆம்பை அணைத்துவிட்டு அந்தக் குமிழை இருபது முப்பது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினால் பாதிக் கரகரப்பு போய்விடும். மீதிக்கு காண்டாக்ட் கிளீனர். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அதன் பிசுபிசுப்பு இன்னும் தூசியைச் சேர்க்கும்.

விட்டு விட்டு வந்தால் கேபிளை ஆட்டுங்கள், பிறகு ஜாக்கை ஆட்டுங்கள். கிட்டார் ஜாக்கின் நட்டு தளர்ந்திருந்தால் ஜாக்கே சுற்றும். சுற்றச் சுற்ற உள்ளே ஒயரின் ஈயப் பற்று விட்டுப்போகும். தகட்டைக் கழற்றி, உள்பக்கம் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கவேண்டும்.

ஒரு குறுக்கு வழி உண்டு. எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் நடுவில் பெடல்களை இணைக்கும் இரண்டு ஜாக்குகள்) உள்ள ஆம்ப் என்றால், 'சென்ட்' ஜாக்கிலிருந்து 'ரிட்டர்ன்' ஜாக்குக்கு ஒரு சின்ன கேபிள் போடுங்கள். அமுங்கிப்போன சத்தம் பளிச்சென்று திரும்பினால், ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடர்பில் அழுக்கு. யாரும் லூப்பைப் பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுவதால் வருகிற கோளாறு. பிளக்கை நான்கைந்து முறை செருகி எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

"உஸ்ஸ் என்று காற்றுச் சத்தம்"

ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கர்) இருந்தால் அதை அணையுங்கள் அல்லது குறையுங்கள். அப்புறம் கெயின் மிகக் குறைவாகவும் மாஸ்டர் மிக அதிகமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்கினால் இரைச்சல் பின்னால் போகும்.

"கொஞ்ச நேரம் வாசித்ததும் தானாகவே நின்றுவிடுகிறது"

சூடு. ஆறியதும் மறுபடி வேலை செய்தால் ஆம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. காற்றுத் துளைகளைச் சுவரோ துணியோ அடைத்திருக்கிறதா, ஓம் கணக்கு தப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை ஃபியூஸ் மட்டுமே போடவேண்டும். புதிதும் உடனே போனால் பெரியதாகப் போட்டுச் சமாளிக்காமல் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், சர்க்யூட் பலகையில் கை வைக்காதீர்கள்.

"ஸ்பீக்கரே போய்விட்டதா?"

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஹெட்ஃபோனில் சுத்தம், பேஸைக் குறைத்தும் எல்லாச் சுரத்திலும் கிழிசல் என்றால் இனி ஸ்பீக்கரைப் பார்க்கலாம். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கோனின் நடுமூடியைச் சுற்றி இரண்டு கைகளின் விரல்களையும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். பஞ்சை அழுத்துவது போல ஓசையின்றிப் போய் வரவேண்டும். மணல்தாளில் தேய்ப்பது போல 'சரக்' என்றால் காயில் உரசுகிறது, அது பிழைக்காது. விளிம்பு ரப்பரிலோ துணியிலோ கிழிசல் இருக்கிறதா, நடுமூடியின் பசை விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நடுமூடி மட்டும் என்றால் கொஞ்சம் பசையோடு பிரச்சினை தீரும்.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 3.5 வரை. எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்படவேண்டாம், அது அப்படித்தான். எண்ணே வராமல் திறந்திருந்தால் காயில் எரிந்துவிட்டது.

மாற்றும்போது அதே அங்குலம், அதே ஓம், ஆம்பின் வாட்டுக்குக் குறையாத தாங்குதிறன் என்று மூன்றையும் பார்ப்பீர்கள். நான்காவதாக ஒரு எண்ணையும் பாருங்கள்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று தகவல் தாளில் இருக்கும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 96 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால் அது ஆம்பின் வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். உங்கள் 30 வாட் ஆம்ப் பழைய ஸ்பீக்கரில் 120 வாட் ஓடியது போல ஒலிக்கும். அந்த 96-ஐக் கொடுக்கும் ஸ்பீக்கர் அடியில் கொஞ்சம் மெலிவாகத்தான் இருக்கும். பேஸ் குமிழை 10 மணியில் வைத்துப் பழகியவருக்கு அது உறைக்காது.